ரூபா: பெயரும் பொருளும்

"பணம் பத்தும் செய்யும்" என்பது பழமொழி. அது செய்யும் பத்தையும் நாம் நன்கறிவோம். ஆனால் அப்பணத்துக்கு நாம் இட்டு வழங்கும் பெயர் யாது பொருளுடையது, எங்கே பிறந்தது, எவ்வழியாக நடந்து நம் மடியில் வந்து சேர்ந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. காலையிற் கண்விழித்தது முதல் இரவிற் கடை அடைக்கும் வரை நம் நாவில் ஓயாது புரளும் சொல் "ரூபா" என்பது. அத்துணைப் பழகிய சொல்லின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக இளைஞர் முன்னும் பெரியோர் முன்னும் வைக்க விழைகின்றோம்.

இந்த ஆராய்ச்சியில் நம்மை இறக்கிவிட்டது நூல்நிலையம் அன்று. அம்மம்மாவின் தகரப் பெட்டியே. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி அது. மண்ணெண்ணெய்க்கும் சமையல் எரிவாயுவுக்கும் நம் ஊரவர் வெயிலில் வரிசை கட்டி நின்ற காலம். அரிசி, சீனி, பால்மா ஆகியவற்றுக்கு நேற்றிருந்த விலை இன்றில்லை. ஒரு நாட் காலை அம்மம்மா தம் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சீலைத் துண்டை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு வெள்ளிக் காசு. ஒரு புறத்தில் முடி தரித்த ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. மறு புறத்தில், பூ வேலையின் நடுவே, "ஒரு ரூபாய், இந்தியா, 1918" என ஆங்கிலத்திலும், "யக் ருபியா" எனப் பாரசீக எழுத்திலும் பொறித்திருந்தது. அம்மம்மாவின் தாயார் அவர் கையிற் கொடுத்துச் சென்ற காசு அது.

அதனை எடுத்துக்கொண்டு அம்மம்மாவுடன் கல்முனைக் கடைத்தெருவுக்குச் சென்றோம். நம் குடும்பத்துக்கு நெடுநாட் பழக்கமான முஸ்லிம் அன்பர் ஒருவரின் நகைக்கடை. நாம் அவரைக் "காக்கா" என்றே அழைப்போம். "ஒரு ரூபாக் காசுதானே மகன், சீனி வாங்கக் கொஞ்சம் சல்லி தந்தாக் காணும்" என்றார் அம்மம்மா. அவர் காசைத் தராசில் இட்டார். பதினொரு கிராமுக்கு மேல் நின்றது. "இது ஒரு ரூபா இல்லம்மா, இது வெள்ளி. வெள்ளி விலைக்கு ரெண்டாயிரத்துக்கு மேல போகும்" என்றார்.

அம்மம்மா திகைத்துப் போனார்; நாமும் திகைத்தோம். ஒரு ரூபா எவ்வாறு இரண்டாயிரம் ரூபா ஆயிற்று? கையிலிருந்த காசிலும் "ரூபா" என்றே எழுதியிருந்தது. கடைக்காரரின் பெட்டியிலிருந்த தாளிலும் "ரூபா" என்றே எழுதியிருந்தது. இவ்விரண்டில் எது மெய்யான ரூபா? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோதுதான், விடை அப்பெயருக்குள்ளேயே பொதிந்து கிடப்பதைக் கண்டோம்.

பெயரின் வேர்

"ரூபா" என்னும் சொல்லுக்கு மூலம் "ரூப்யம்" என்னும் வடசொல். அதற்கும் மூலம் "ரூபம்". ரூபமாவது உருவம், வடிவம், தோற்றம். ரூப்யமாவது உருவம் பெற்றது, அதாவது அடித்து முத்திரை பொறிக்கப்பட்டது. கி.மு. 5ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் இலக்கண ஆசிரியர் பாணினி, தம் அஷ்டாத்தியாயியில் இச்சொல்லுக்கு விதியே வகுத்திருக்கின்றார். ரூபம் என்பதனோடு ஒரு விகுதி சேர்ந்து ரூப்யம் ஆகும்பொழுது இரண்டு பொருள் தரும்: ஒன்று, முத்திரை அடிக்கப்பட்டது, மற்றது, புகழத்தக்க அழகுடையது. அவர் வாழ்ந்த நாளிலேயே முத்திரையிட்ட காசு வழக்கில் இருந்தது என்பதற்கு இவ்விதி ஒரு சான்று.

அக்காலத்துக் காசுகளை இன்றும் காணலாம். வெள்ளித் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, எடை சரிபார்த்து, ஞாயிறு, மலை, மரம், யானை முதலிய சின்னங்களை ஒவ்வொன்றாக அச்சால் அடித்திருக்கின்றனர். வட்டமும் உண்டு, சதுரமும் உண்டு, மூலை நறுக்கியவையும் உண்டு. அழகிற் குறைந்தவைதாம், ஆனால் எடை சரியாக இருக்கும். இத்தகைய காசுகள் நம் நாட்டில் அநுராதபுரத்திலும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இன்னும் ஒரு படி தெளிவு தருகின்றது. வெள்ளிக் காசை அந்நூல் "ரூப்யரூபம்" என்றும், செப்புக் காசைத் "தாம்ரரூபம்" என்றும் குறிக்கின்றது. காசுகளைச் சோதித்து நல்லது கெட்டது சொல்லும் அலுவலருக்கு "ரூபதர்சகர்" என்று பெயர். உருவத்தைப் பார்ப்பவர் என்பது அதன் பொருள். இங்கே "ரூபம்" என்பதே காசையும், "ரூப்யம்" என்பது வெள்ளியையும் குறித்து நிற்பதைக் காண்க. ஆகவே ரூபா என்னும் பெயருக்குள் தொடக்கத்திலிருந்தே இரண்டு பொருள்கள் உடன்பிறந்தார் போல வாழ்ந்து வந்திருக்கின்றன. ஒன்று வெள்ளி, மற்றது முத்திரை. இவ்விரண்டும் கூடியதும் பிரிந்ததுமே ரூபாவின் சரித்திரம் முழுவதும் எனலாம்.

தமிழுக்கு இச்சொல் அந்நியமும் அன்று. ரகரம் தமிழிற் சொல்லுக்கு முதலில் வாராது. ஆதலின் ரூபம் நம்மிடம் வந்தபோது உகரத்தை முன்னே கூட்டிக்கொண்டு "உருவம்" ஆயிற்று. ரூபாயைப் பழைய ஏடுகளில் "உரூபாய்" என்று எழுதியதும் இதனாலேயே. பள்ளியிற் படித்த வேற்றுமை "உருபு" என்பதும் இவ்வுறவினதே. இந்தியத் தமிழர் "ரூபாய்" என்பதை நாம் பேச்சில் "ரூபா" என்று சுருக்குகின்றோம். சிங்கள மக்கள் "ருபியல" என்கின்றனர்.

வெள்ளியும் முத்திரையும்

பெயர் பழையதாயினும், "ரூபா" என்று ஒரு குறித்த காசுக்குப் பெயரிட்டு நிலைநாட்டியவர் ஆப்கானிய மரபிற் பிறந்த சேர்சா மன்னரே. அவரைப் பற்றிக் கூறுமுன் அவருக்கு இருநூறு ஆண்டு முந்திய ஒரு தில்லி அரசரின் கதையைக் கூற வேண்டும்.

முகம்மது பின் துக்ளக் 1325 முதல் 1351 வரை ஆண்டவர். அந்நாளில் வெள்ளிக் காசுக்குத் "தங்கா" என்று பெயர்; வங்காளதேசத்தின் "டாக்கா" அதன் வழிவந்ததே. 1330ஆம் ஆண்டளவில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு நேரவே, துக்ளக் பித்தளையிலும் செம்பிலும் காசடித்து, இதனை வெள்ளித் தங்காவுக்குச் சமமாகக் கொள்க என்று ஆணையிட்டார். அரசரின் ஆணை பெரிதுதான். ஆனால் அந்த முத்திரையைப் பிறர் அடிக்காதபடி காக்க அவரால் இயலவில்லை. வீடுதோறும் அக்கசாலை ஆயிற்று என்று வரலாற்றாசிரியர் பரணி குறிக்கின்றார். அயல்நாட்டு வணிகர் அக்காசைத் தொட மறுத்தனர். ஈற்றில் அரசரே அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு கருவூலத்திலிருந்து வெள்ளி கொடுக்க நேர்ந்தது. துக்ளகாபாத்திலே செப்புக் காசு மலை மலையாகக் குவிந்து கிடந்ததாம். வெள்ளி இன்றி முத்திரை மட்டும் இருந்தால் என்னவாகும் என்பதற்கு இது முதற் பாடம்.

பின்வந்த அரசர் பலர் வெள்ளியிற் செம்பைக் கலந்து காசடித்தனர். ஒரு காசில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஏழை உழவன் வரி கொடுக்கும்போதும் ஏமாந்தான். விளைவை விற்கும்போதும் ஏமாந்தான்.

இந்நிலையிலேதான் சேர்சா வந்தார். முகலாய மன்னர் உமாயூனை 1539இற் சௌசாவிலும் 1540இற் கன்னோசியிலும் வென்று, 1545இற் கலிஞ்சர்க் கோட்டை முற்றுகையில் உயிர் துறக்கும்வரை ஆண்டவர் அவர். ஐந்தே ஆண்டு ஆட்சி. அதற்குள் கலப்புக் காசை ஒழித்து, வெள்ளி என்றால் வெள்ளி, செம்பு என்றால் செம்பு என்று வகுத்தார். 178 கிறேன், அதாவது ஏறக்குறைய 11.5 கிராம் நிறையுள்ள தூய வெள்ளிக் காசுக்கு "ருபியா" என்று பெயரிட்டார். செப்புக் காசு "தாம்" எனப்பட்டது. அவர் மரபை வென்றவரும் அவர் காசை மாற்றவில்லை. அக்பர் காலத்து அயினி அக்பரி என்னும் நூலில் அபுல் பசல், ருபியாவைத் தொடக்கியவர் சேர்கான் என்றே எழுதி வைத்தார். பகைவரும் ஒப்புக்கொண்ட புகழ் இதுவன்றோ!

1835இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி தன் ஆட்சிப் பரப்பு முழுவதற்கும் ஒரே ரூபாவை வகுத்தபோதும் நிறையிற் கை வைக்கவில்லை. 180 கிறேன், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்பது கணக்கு. அதுவே 11.66 கிராம். அம்மம்மாவின் 1918ஆம் ஆண்டுக் காசும் அந்நிறையினதே. சேர்சாவின் தராசுக்கும் ஐந்தாம் ஜோர்ஜின் அக்கசாலைக்கும் இடையே ஏறக்குறைய 380 ஆண்டு. நிறையோ ஏறக்குறைய ஒன்றே. பொன்வாணிபர் வாயில் வழங்கும் "தோலா" என்னும் நிறையும் இந்த ரூபாவின் நிறையைக் கொண்டே அளக்கப்பட்டது.

உருவம் இல்லாத ரூபம்

இவ்விடத்தில் நம் கருத்தைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. நாம் மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்தவர்கள். வேதாகம வகுப்பில் ஒரு கதை கேட்டிருக்கின்றோம். உரோம அரசருக்கு வரி கொடுப்பது முறையோ என்று யேசுநாதரைச் சிக்க வைக்கச் சிலர் வினவுகின்றனர். அவர் வரிக்காசு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, இதிலுள்ள உருவம் யாருடையது என்று திருப்பிக் கேட்கின்றார். அந்த உருவத்தைக் குறிக்கத் தமிழ் வேதாகமம் ஆளும் சொல்லும் ரூபம் என்பதன் வழிவந்ததே. காசில் யார் முகம் இருக்கின்றதோ அவரே அதற்குப் பொறுப்பாளர் என்பது உரோமர் கொள்கை.

இஸ்லாமிய மரபோ வேறு. கலீபா அப்துல் மலிக், ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696–697இல், காசிலிருந்து மனித உருவத்தை நீக்கி எழுத்தை மட்டும் பொறிக்கும் முறையைத் தொடங்கினார். அம்மரபில் வந்த சேர்சாவின் ருபியாவிலும் முகம் இல்லை. ஒரு புறம் கலிமாவும் நான்கு கலீபாக்களின் பெயர்களும். மறு புறம் மன்னரின் பெயர். அத்துடன் பல காசுகளில் நாகரி எழுத்தில் "ஸ்ரீ சேர் சாகி" என்றும் பொறித்திருந்தனர்.

எண்ணிப் பாருங்கள். பெயரோ "உருவம்" என்னும் வடசொல். அதனைக் காசுக்குச் சூட்டியவரோ காசில் உருவம் பொறியாத முஸ்லிம் மன்னர். எழுத்தோ அரபும் பாரசீகமும் நாகரியும். பின்னாளில் அதே காசில் ஆங்கில மன்னரின் முகம் ஏறிற்று. ரூபாவை இது எம்முடையது என்று ஒரு சமயத்தாரோ ஓர் இனத்தாரோ தனியுரிமை கொண்டாட இடமில்லை. அது பலர் கை பட்டு வழுவழுப்பான காசு.

இலங்கையில் ரூபா

நம் நாட்டுக்கு ரூபா பிந்தி வந்த விருந்தாளி. அதற்கு முன் இங்கே வழங்கியவை பல. சோழர் சாசனங்கள் "ஈழக்காசு" பற்றிப் பேசுகின்றன. யாழ்ப்பாண மன்னர் நந்தி உருவத்துடன் "சேது" என்று தமிழிற் பொறித்த காசை வெளியிட்டனர். கண்டி இராச்சியத்துக் காசுகளைப் பற்றி றொபேட் நொக்ஸ் எழுதியவை இன்றும் படிக்கச் சுவையானவை. நம் கிழக்குக் கரையிலுள்ள கொட்டியாரக் குடாவில் 1660இற் பிடிபட்டு, ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டி நாட்டிலே தடுத்து வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயர் அவர். 1681இல் வெளிவந்த அவர் நூலில் இரண்டு வகைக் காசுகள் நம் ஆராய்ச்சிக்கு வேண்டியவை.

ஒன்று தூண்டில் போல வளைந்த வெள்ளிக் காசு. அதனை யாரும் செய்யலாம், அரசனின் தடையில்லை. ஐயம் எழுந்தால் நெருப்பிற் பழுக்கக் காய்ச்சி நீரில் இடுவர். தூய வெண்மையாக வெளிவந்தால் நல்ல காசு. மற்றது "பணம்" என்னும் சிறு காசு. சின்னஞ்சிறு பொட்டுப் போன்றது. ஆனால் அதனை அரசன் ஒருவனே அடிக்கலாம். வேறு யார் அடித்தாலும் மரணதண்டனை. முன்னது வெள்ளியை நம்பி நின்றது. பின்னது முத்திரையை நம்பி நின்றது. பாணினி கூறிய இரண்டு பொருளும் கண்டிச் சந்தையில் இரண்டு காசாக உலாவின என்று கூறலாம் அல்லவா?

ஒல்லாந்தர் வந்தனர். அவர்களுடைய "டொயிட்" என்னும் செப்புக் காசு நம்மிடம் "துட்டு" ஆயிற்று. ஒல்லாந்தர் போய் இரண்டேகால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த பின்னும், "துட்டு" நம் பழமொழிகளில் வாழ்கின்றது. சிறு செப்புக் காசின் பெயராகிய "சல்லி" இன்று இக்கரை முஸ்லிம் மக்களின் வாயிலும் நம் வாயிலும் பணம் முழுவதற்கும் பொதுப் பெயராகிவிட்டது. சிங்கள மக்களும் "சல்லி" என்றே சொல்கின்றனர். மூன்று சமூகத்துக்கும் பொதுவான சொற்களை எண்ணப் புகுவோர் இதனை முதலில் எண்ணலாம்.

ஆங்கிலேயர் தொடக்கத்தில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற "றிக்ஸ்டாலர்" கணக்கையே பின்பற்றினர். 1825இல் அதனை ஒரு சிலின் ஆறு பென்ஸ் என மதித்துப் பவுண் கணக்குக்கு மாறினர். ஆனால் சட்டம் ஒன்று, சந்தை ஒன்று. அரிசி வந்தது இந்தியாவிலிருந்து. கோப்பித் தோட்டங்களிற் குருதி சிந்தி உழைத்த தமிழ்த் தொழிலாளரும் வந்தது அங்கிருந்தே. அவர்களுக்குக் கூலி கொடுக்கவும் அரிசிக்கு விலை கொடுக்கவும் இந்திய வெள்ளி ரூபாவே வேண்டியிருந்தது. 1836இல் அரசினர் இந்திய ரூபாவைச் சட்டப்படி ஏற்றனர். 1872ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி முதல் ரூபாவே நாட்டின் பணம் ஆயிற்று. ஆக, இலங்கையில் ரூபாவுக்குக் கதவு திறந்தவை துரைமாரின் கணக்குப் புத்தகங்கள் அல்ல. தோட்டத் தொழிலாளியின் கூலியும் நம் சோற்றுப் பானையுமே.

அப்பொழுது இலங்கை ஒரு புதுமை செய்தது. இந்தியாவில் ஒரு ரூபாவுக்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா. இலங்கையோ அதனை விடுத்து ரூபாவை நூறாகப் பகுத்தது. இந்தியா அவ்வாறு செய்தது 1957இல். நாம் 85 ஆண்டு முந்திக்கொண்டோம். அந்த நூற்றிலொரு பங்குக்கு ஆங்கிலத்திற் "சென்ற்" என்றும் தமிழிற் "சதம்" என்றும் பெயர். சென்ற் என்பதன் மூலம் நூறு எனப் பொருள்படும் "சென்றும்" என்னும் இலத்தீன் சொல். சதம் என்பதன் மூலம் நூறு எனப் பொருள்படும் "சத" என்னும் வடசொல். இவ்விரண்டும் ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்று மொழிநூலார் நிறுவியுள்ளனர். வெகுதூரம் பிரிந்து போன உறவினர் இருவர் நம் சின்னஞ்சிறு செப்புக் காசிலே மீண்டும் சந்தித்துக்கொண்டனர்!

வெள்ளி கரைந்தது

பின்னர் காகிதம் வந்தது. தொடக்கத்தில் தாட்பணத்தை வெளியிட்டவை தனியார் வங்கிகள். அவற்றுட் பெரியது ஓறியன்ரல் வங்கி. கோப்பிப் பயிரை நோய் அழிக்க, 1884ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் அவ்வங்கி முறிந்தது. அதன் தாளை வைத்திருந்தோர் கையில் வெறுங் கடதாசியே மிஞ்சும் போலிருந்தது. தேசாதிபதி ஆதர் கோடன் அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்த பின்புதான் அச்சம் தணிந்தது. அவ்வாண்டே சட்டம் இயற்றி, தாட்பணம் வெளியிடும் உரிமையை அரசு தன்னிடம் எடுத்துக்கொண்டது. 1950ஆம் ஆண்டு ஆவணி மாதம் 28ஆந் திகதி இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டு அப்பொறுப்பை ஏற்றது.

இதற்கிடையே வெள்ளியின் கதை வேறு விதமாக நடந்தது. 1870களிலிருந்து உலகச் சந்தையில் வெள்ளியின் விலை இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு சிலினுக்கு அண்மித்திருந்த ரூபாவின் மதிப்பும் உடன் இறங்கிற்று. 1893இல் இந்திய அரசு, யாரும் வெள்ளி கொண்டுவந்து கொடுத்தால் ரூபா அடித்துக் கொடுக்கும் பழைய வழக்கத்தை நிறுத்திற்று. அன்று முதல் ரூபாவின் மதிப்பு அதனுள்ளிருக்கும் வெள்ளியின் மதிப்பு அன்று. அரசு சொல்லும் மதிப்பே ஆயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், இந்திய ரூபாவில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் வெள்ளி முற்றாக நீங்கி நிக்கல் வந்தது. இலங்கைக்கெனத் தனியாக ஒரு ரூபா நாணயம் புத்த ஜயந்தி நினைவாக 1957இல் வந்தது; 1963 முதல் பொதுப் புழக்கத்துக்கும் வந்தது. அது செம்பும் நிக்கலும் கலந்தது. இன்று நம் கையில் உள்ளது வெறும் உருக்கு.

சைவ நூல்கள் இறைவனை உருவம், அருவுருவம், அருவம் என மூன்று நிலையிற் கூறும். அவ்வரிசையை ஒரு விளக்கத்துக்காகக் கடன் வாங்கினால், வெள்ளிக் காசு உருவம், தாட்பணம் அருவுருவம், வங்கிக் கணக்கிலும் கைத்தொலைபேசியிலும் எண்ணாக மட்டும் தோன்றும் இன்றைய பணம் அருவம். பெயரோ இன்னும் "ரூபம்" என்றே நிற்கின்றது! வெள்ளி போயிற்று, முத்திரை ஒன்றே எஞ்சிற்று.

முத்திரையின் மதிப்பு அதற்குப் பின்னால் நிற்பவரின் வாக்கைப் பொறுத்தது. 1950இல் மத்திய வங்கி தொடங்கியபோது ஒரு அமெரிக்க டொலருக்கு 4 ரூபா 76 சதம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபா. அவ்வாண்டு வைகாசி மாதத்தில் 360 ரூபா அளவு. சித்திரை மாதத்தில் அரசு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தது. புரட்டாதியில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் 69.8 வீதம் ஏறியிருந்தது. அம்மம்மா பெட்டியைத் திறந்தது அந்நாட்களிலேதான். துக்ளக்கின் பித்தளைக் காசை நாம் புத்தகத்திற் படித்தோம். அதன் சுவையை அடுப்படியில் அறிந்தோம்.

கடல் கடந்து போனதும் வந்ததும்

ரூபாவின் பெயர் நெடுந்தூரம் பயணம் செய்த பெயர். பாக்கிஸ்தான், நேபாளம், மொரீசியசு, சீசெல்சு ஆகிய நாடுகளிலும் ரூபாவே. மாலைதீவில் "ருபியா", இந்தோனேசியாவில் "ரூப்பியா". ஒருகாலத்தில் கிழக்கு ஆபிரிக்காவிலும் அது வழங்கிற்று.

எல்லாவற்றிலும் வியப்பானது வளைகுடாச் செய்தி. நம் கரையோர ஊர்களில், தமிழர் வீடாயினும் முஸ்லிம் வீடாயினும், வளைகுடாவில் ஒருவரேனும் உழைக்காத வீடு அரிது. அங்கிருந்து வரும் திர்கமும் தினாரும் ரியாலும் ரூபாவாக மாறி இங்கே கூரை ஏறுகின்றன. ஆனால் 1960களின் நடுப்பகுதி வரை அந்நாடுகள் பலவற்றிற் புழங்கியது ரூபாவே என்றால் நம்புவீர்களா? அவற்றுக்கென்றே இந்திய றிசேவ் வங்கி 1959இல் தனித் தாள்களை அச்சிட்டது. குவைத் 1961இலும், பகுரைன் 1965இலும் தமக்கெனத் தினாரை ஆக்கின. 1966இல் இந்தியா தன் ரூபாவின் மதிப்பைக் குறைத்தபோது கட்டாரும் இன்றைய ஐக்கிய அரபு இராச்சியத்தின் பகுதிகளும் ரூபாவைக் கைவிட்டன. திர்கம் என்பது கிரேக்கரின் "திராக்மா". தினார் என்பது உரோமரின் "தெனாரியசு". ரியால் என்பது "அரசனுக்குரியது" எனப் பொருள்படும் இசுப்பானியச் சொல்லின் வழிவந்தது. குப்தர் காலத்துப் பொற்காசுக்கும் "தீனாரம்" என்றே பெயர் இருந்தது. காசின் பெயர்களுக்கு மதமும் இல்லை, கடவுச்சீட்டும் வேண்டியதில்லை.

நாணயம் என்னும் சொல்

ஈற்றில் ஒரு தமிழ் வழக்கைக் கூறி முடிப்போம். காசுக்கு நாம் இட்ட மற்றொரு பெயர் "நாணயம்". இது "நாணகம்" என்னும் வடசொல்லோடு உறவுடையது. குஷான மன்னரின் காசுகளிற் பொறிக்கப்பட்ட நனா என்னும் தெய்வத்தின் பெயரோடு அதனை இணைத்துக் கூறும் அறிஞரும் உளர். ஆனால் தமிழ் அச்சொல்லுக்கு அளித்த பொருள் விரிவே நம் உள்ளத்தைத் தொடுகின்றது. "நாணயமான மனிதர்" என்கின்றோம். காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல். சொன்ன சொல் தவறாதவர், கொடுத்த வாக்கைக் காப்பவர் யாரோ அவரே நாணயமானவர். வெள்ளி நீங்கிய பின் ரூபாவில் எஞ்சி நிற்பது இந்த நாணயம் ஒன்றே என்பதைத் தமிழ் எப்போதோ அறிந்து வைத்தது போலும்!

கல்முனை நகைக்கடைக்குத் திரும்புவோம். அம்மம்மாவுக்குக் காசின் விலை தெரியாது. நமக்கும் தெரியாது. அவர் கேட்டது சீனிக்குப் பணம். கடைக்காரர் ஐந்நூறு ரூபா கொடுத்திருந்தாலும் வாழ்த்திக்கொண்டே வந்திருப்போம். ஏமாந்தோம் என்பதை ஒருநாளும் அறிந்திருக்க மாட்டோம். கடையில் அப்போது வேறு சாட்சியும் இல்லை. அவர் தராசைக் காட்டினார், வெள்ளியின் அன்றைய விலையைக் காட்டினார், பெருக்கிக் காட்டினார். "அவசரமில்லாட்டி விக்காதீங்கம்மா. பேரப்புள்ளைக்கு வைங்க" என்று சொல்லிச் சீலைத் துண்டிற் சுற்றித் திருப்பித் தந்தார். சீனிக்குத் தம் மேசையிலிருந்து இரண்டு தாள்களைக் கடனாகக் கொடுத்தார். எழுத்து இல்லை, ஈடும் இல்லை. அறுவடை முடிந்ததும் அம்மம்மா அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நம் கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் கடைக்கு ஒருவர் போகாதிருந்த கசப்பான நாட்களும் இருந்தன. பெரியோர் அவற்றை மறந்திருக்க மாட்டார்கள். இளைஞராகிய நாம் கேட்டறிந்தோம். அந்நாட்களிலும் காசு அதே காசுதான். வாங்க ஆளின்றி மீன் கரையிற் கிடந்ததும், நெல் களத்திற் கிடந்ததும் காசு இல்லாமையால் அன்று, நம்பிக்கை இல்லாமையால். நாட்டின் ரூபாவைத் தாங்குவது கொழும்பின் கையிலுள்ளது. நம் சந்தையின் நாணயத்தைத் தாங்குவது நம் கையிலேயே உள்ளது.

அந்த வெள்ளிக் காசு இன்று நம் மேசையில் இருக்கின்றது. "எது மெய்யான ரூபா?" என்று கேட்டோம் அல்லவா? காசு உருவத்தைக் காட்டிற்று, வெள்ளியையும் காட்டிற்று. விடையைக் காட்டியவர் அதனை நிறுத்துத் திருப்பித் தந்த மனிதர். இளைஞர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெட்டிகளின் அடியில் ஒருமுறை தேடிப் பார்ப்பாராக. பெரியோரிடம் அக்காசு வந்த கதையையும் கேட்டு வைப்பாராக. வெள்ளிக்கு விலை சொல்லத் தராசு போதும். அக்கதைகளுக்கு விலை சொல்லும் தராசு எங்கும் இல்லை.